லேஸ்யா பார்த்து வந்த நட்சத்திரம்

“…அதனால இந்த முறை நீ மேசையில இருக்க வேண்டாம், வாஸ்யா. நாங்கள் இப்ப இரட்டைப்படை. நீயும் வந்து இருந்தியெண்டால் ஒற்றையாப் போயிடும்” என்றார் பானி ஸ்டெஃபா, குசினி வாசலை இரண்டு தோளாலும் அடைத்துக்கொண்டு.

என் கையில் ஒரு பாத்திரம் நிறையக் கொழுக்கட்டை. சூடு இன்னும் ஆறவில்லை. மூடியின் உட்பக்கத்தில் ஆவி திரண்டு, நான் அசையும்போதெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது.

அன்று நான் ஏப்ரன் கட்டவில்லை. மாம்பழ நிறத்தில் ஒரு சேலை உடுத்திருந்தேன், பொட்டும் வைத்திருந்தேன். அந்த வாசலில் நின்றபோதுதான் அது எவ்வளவு பிழையான உடுப்பு என்று எனக்குத் தெரிந்தது.

சென்ற கிழமை டாண்டனோங் சந்தையில் முருங்கைக்காய் தேடி அலைந்ததை எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஒருவர் கேட்டிருக்கிறார்: “அத்தனை வருஷம் மெல்பனில் இருந்தீர்களே, அந்த ஊர்க்காரர் ஒருவரும் சிநேகிதமாகவில்லையா?”

ஆனார்கள். ஆனால் அவர்களும் அந்த ஊர்க்காரர் இல்லை. அந்தக் கதையை இந்த வாசலில் இருந்துதான் என்னால் தொடங்க முடிகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பானி ஸ்டெஃபா பேசியது ஆங்கிலம், அதுவும் உக்ரைன் வாடை அடிக்கும் ஆங்கிலம். என்னுடையதில் யாழ்ப்பாணம் மணக்கும். இரண்டு ஓட்டை ஆங்கிலமும் சந்திக்கும்போது எனக்கு என்னவோ எங்கள் தமிழில்தான் கேட்கும். கேட்டபடியே எழுதுகிறேன். ‘பானி’ என்பது அவர்களிடையே பெண்களுக்குச் சொல்லும் மரியாதைச் சொல். வசந்தி என்ற என் பெயர் அவர்கள் வாயில் வாஸ்யா ஆகிவிட்டது. அது அவர்கள் ஊரில் ஆண்பிள்ளைக்கு வைக்கிற செல்லப்பெயராம். கூப்பிடும்போதெல்லாம் யாராவது ஒருத்தி சிரிப்பாள்.

ரயில்பாதை ஓரத்து மண்டபம்

நோபிள் பார்க் பக்கம், ரயில்பாதையை ஒட்டி, உக்ரைன்காரர் செங்கல்லால் கட்டிய நீளமான மண்டபம் அது. ரயில் போனால் கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கும் பொம்மைகள் தலையாட்டும். அந்த அலுமாரியில் சிவப்பு, கறுப்பு நூலால் பூவேலை செய்த சட்டைகள், மெழுகால் கோலம் எழுதிச் சாயம் தோய்த்த முட்டைகள், யாரோ கப்பலில் கொண்டுவந்த மரக்கரண்டி எல்லாம் இருந்தன. அதன் திறப்பு பானி ஸ்டெஃபாவின் கழுத்துச் சங்கிலியில், சிலுவைக்குப் பக்கத்திலேயே தொங்கும்.

எனக்கு அங்கே துப்புரவு வேலை. கிழமைக்கு இரண்டு நாள்.

எங்கள் வீடு அப்போது மிகவும் அமைதியான வீடு. அமைதி என்று சொல்வது மரியாதைக்கு. இவர் பின்னேரம் டாக்சியை எடுத்துக்கொண்டு போனால் விடியத்தான் வருவார். அவர் வரும்போது எனக்கு நித்திரை, நான் எழும்பும்போது அவருக்கு. மகன் பெர்த்தில் வேலை. போன் எடுத்தால், “பிஸி அம்மா, கோல் யூ பேக்” என்பான். குளிர்சாதனப் பெட்டி இரைவதை நிறுத்தினால் எனக்குத் திடுக்கிடும். யாரோ எழும்பிப் போய்விட்ட மாதிரி இருக்கும்.

வியாழக்கிழமைகளில் அந்த மண்டபக் குசினியில் பெண்கள் சங்கம் கூடும். பெரும்பாலும் எண்பதை நெருங்கியவர்கள். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து, அகதி முகாமில் வளர்ந்து, சிறுமிகளாகக் கப்பலில் வந்து இறங்கியவர்கள். பானி ஸ்டெஃபா முப்பது வருஷம் கார்த் தொழிற்சாலையில் இருக்கை உறை தைத்தவர். இப்போது சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் பேரப்பிள்ளைகளுக்குப் பூவேலை சொல்லிக்கொடுப்பதும், மண்டபத்தைக் கட்டிக் காப்பதும்தான் சங்கத்தின் வேலை. அதற்காக வியாழன்தோறும் வரேனிகி செய்து விற்பார்கள்.

வரேனிகி என்றால் வேறொன்றுமில்லை. மாவைத் தட்டி, உருளைக்கிழங்கு மசியல் வைத்து, பாதி நிலவாக மடித்து, விளிம்பைக் கிள்ளி, கொதிதண்ணீரில் போட்டு எடுப்பது. முதல்முறை பார்த்தபோது தரை துடைக்கும் தடியோடு அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் கொழுக்கட்டை!

“என்ன பாக்கிறாய்? கையைக் கழுவிப்போட்டு வா” என்றவர் பானி ஹான்னா. குண்டான, வாயை மூடத் தெரியாத மனிசி. அடுத்த நிமிஷமே எனக்குக் கட்டளை போட்டார்: “கிள்ளேக்க வாயைத் திறக்காதே. நீ திறந்தால் அதுவும் சட்டிக்குள்ள திறந்திடும்.” சொல்லிவிட்டு அவர் மட்டும் விடாமல் பேசிக்கொண்டிருந்தார். அவருடையதுதான் அதிகம் வெடித்தது.

அன்றிலிருந்து வியாழக்கிழமைகளில் துடைத்து முடித்ததும் எனக்கும் மேசை ஓரத்தில் ஓர் இடம் கிடைத்தது.

பாலும் இல்லாத சைவம்

மெல்பனில் எல்லா வீட்டாரும் கிறிஸ்மஸ் முடிந்து நத்தார் மரத்தைக் கழற்றி வீதி ஓரத்தில் எறிந்து, அது வெயிலில் மண்ணிறமாகக் காயும் நாட்களில்தான் இவர்களுக்கு நத்தார் வரும். ஜனவரி முதல் வாரத்தில். அதற்கு முந்திய மாலை விருந்துதான் முக்கியம். பன்னிரண்டு வகைச் சாப்பாடு. இறைச்சி கிடையாது.

“சைவம்தானே, எங்களுக்குப் பழக்கம்” என்று நான் பெருமையாகத் தலையாட்டினேன். முதல் வருஷம் கேசரி கிண்டிக்கொண்டு போனேன். விருந்தாளியாக இல்லை, பாத்திரம் கழுவ. வெறுங்கையோடு போக மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

பானி ஸ்டெஃபா மணந்து பார்த்தார். “பட்டர்?”

“நெய்.”

“நெய் எங்க இருந்து வருது?”

“பசுவில இருந்து.”

“அப்ப பசு நாளைக்குத்தான் வரலாம்” என்று கேசரியைத் தூக்கிக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். பாலும் கூடாதாம், முட்டையும் கூடாதாம். சைவம் என்று நான் பிறந்ததிலிருந்து கட்டிக் காத்த கோட்டையில் அவர்கள் ஒரே சொல்லில் ஓட்டை போட்டுவிட்டார்கள்.

நான் குசினியில் நின்று கொண்டிருந்தேன். மண்டபத்தில் கதிரை இழுபடும் சத்தம். பிறகு ஏதோ சலசலப்பு. பானி ஸ்டெஃபா வேகமாக வந்தார்.

“வாஸ்யா, ஏப்ரனைக் கழற்று. வந்து இரு.”

“நானா?”

“வேற யார்? வா.”

எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அந்த ஊருக்குப் போன நாளிலிருந்து ஒருவரும் என்னை அப்படி அவசரமாக ஒரு மேசைக்குக் கூப்பிட்டதில்லை. அவசரத்தில் ஏப்ரனின் முடிச்சு அவிழவில்லை. அதோடேயே போய் இருந்தேன்.

இருந்த பிறகுதான் பக்கத்தில் இருந்த பானி ஹான்னா என் காதுக்குள் விஷயத்தைச் சொன்னார். அவர்கள் ஊர்ப் பக்கம் அந்த இரவு மேசையில் ஒற்றைப்படையாக இருக்கக் கூடாதாம். இருந்தால் அவர்களில் ஒருத்தர் அடுத்த விருந்துக்கு இருக்க மாட்டாராம். வரவேண்டிய ஒருவர் வெக்கைக்குப் பயந்து வரவில்லை. ஆள் ஒற்றையாகிவிட்டது. “நீ இல்லையெண்டால் பஸ் டிரைவரைத்தான் பிடிச்சு இருத்தியிருப்பம். அவன்ர கையைப் பாத்திருக்கிறியோ?”

சிரித்தேன். வேறு என்ன செய்வது? ஒவ்வொருவர் முன்னாலும் அவரவர் கையால் பூவேலை செய்த துணி விரித்திருந்தது. எனக்கு முன்னால் ஒரு கடதாசித் துடைப்பான்.

பொய் சொல்லும் வேலை

சாப்பிடத் தொடங்குவதற்கு இன்னொரு சட்டமும் உண்டு. வானத்தில் முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் வாயில் வைக்கலாம். பனி கொட்டும் நாட்டில் அது பின்னேரம் நாலு மணிக்கே தெரிந்துவிடுமாம். மெல்பனில் அது நடுக்கோடை. ஒன்பது மணிக்குத்தான் வெயில் மறைய யோசிக்கும். கிழவிகளை ஏற்றிப் போகும் பஸ்ஸோ எட்டு மணிக்கு வந்துவிடும். இன்சுலின் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள்.

இந்தச் சிக்கலை அவர்கள் தீர்த்த விதம் இருக்கிறதே!

தடித்த திரைச்சீலைகளை இழுத்து மூடுவார்கள். விளக்கை அணைப்பார்கள். எல்லோரும் இருட்டில் கையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார்கள். லேஸ்யா மட்டும் எழும்பி வெளியே போவார். வெட்ட வெயிலில் கண்ணுக்கு மேல் கையை வைத்து, பக்கத்து வீட்டு ரீவி அன்ரெனாவுக்கு மேலே வானத்தைப் பார்ப்பார். திரும்பி வந்து வாசலில் நின்று, “யே!” என்பார். ‘இருக்கு’ என்று அர்த்தம். உடனே மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள்.

லேஸ்யா மெலிந்த, குரலே எழும்பாத பெண். வருஷம் முழுவதும் பேசாமல் இருந்துவிட்டு அந்த ஒரு சொல்லை மட்டும் உரக்கச் சொல்வார். பானி ஸ்டெஃபாவின் கப்பல் சிநேகிதி. கப்பலில் இருவருக்கும் ஒரு கட்டில்தான் இருந்ததாம்.

“வருஷா வருஷம் பொய் சொல்லுறியள்” என்று ஒருநாள் அவரைச் சீண்டினேன்.

லேஸ்யா கிள்ளிக்கொண்டிருந்த வரேனிகியை விட்டு நிமிரவில்லை. “பொய் இல்லை, வாஸ்யா. நட்சத்திரம் அங்கதான் நிக்குது. வெயில்தான் மறைக்குது.”

வைக்காத தட்டு

முதலில் குத்யா. அவித்த கோதுமையில் தேனும் அரைத்த கசகசாவும் கலந்தது. எங்கள் பொங்கலுக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி ஒரு ருசி. ஒரே கிண்ணத்தில் இருந்து ஆளுக்கு ஒரு கரண்டி.

பாத்திரம் கழுவும்போது பானி ஸ்டெஃபாவிடம் கேட்டேன். செத்தவர்களுக்கும் ஒரு தட்டு வைக்கும் வழக்கம் உண்டு என்று ஹான்னா சொன்னாரே, காணவில்லையே?

“செத்த ஆக்களுக்கு எல்லாம் வைக்கிறதெண்டால் இந்த மண்டபம் காணாது. பக்கத்துக் கார் பார்க்கையும் எடுக்கவேணும்” என்று பானி ஹான்னா முந்திக்கொண்டார்.

ஹான்னா போன பிறகு பானி ஸ்டெஃபா துடைத்த தட்டையே மறுபடி துடைத்தபடி சொன்னார்: “நான்தான் நிப்பாட்டினனான். என்ர அப்பாவைப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள். இருக்கிறாரோ இல்லையோ, ஒருத்தரும் சொல்லேல்லை. ஒவ்வொரு வருஷமும் அம்மா தட்டைக் கையில வைச்சுக்கொண்டு நிப்பா. வைச்சால் நாங்களே அவரைக் கொன்ற மாதிரி. வைக்காட்டி மறந்த மாதிரி. எனக்கு அந்தத் தட்டைக் கண்டாலே ஏலாது. நான் தலைவியா வந்ததும் வேண்டாமெண்டு போட்டன்.”

பிறகு, “உங்கட வீட்டில அப்படி ஆரும்?” என்றார்.

எங்கள் ஊரில் போர் முடிந்து அப்போது அதிக காலம் ஆகவில்லை. “ஓம்” என்றேன். “தம்பி.”

அவர் அடுத்த தட்டை எடுத்தார். நான் குழாயைத் திறந்து விட்டேன்.

குளிர்காலம்

ஆடி மாதம், மெல்பனில் காது விறைக்கும் காலம். லேஸ்யா நித்திரையிலேயே போய்விட்டார். மண்டபத்தில்தான் சாவீட்டுச் சாப்பாடு. கோப்பைகளை நான்தான் கழுவினேன். பானி ஸ்டெஃபா ஒரு கதிரையிலும் இருக்கவில்லை. தேநீர் ஊற்றினார், கதிரை அடுக்கினார், அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினார். அழக் காணவில்லை.

அடுத்த வியாழக்கிழமை லேஸ்யாவின் இடத்தில் மாவு டின்னைத் தூக்கி வைத்தார். அதற்குப் பிறகு அந்தப் பெயரை அங்கே யாரும் சொல்லவில்லை. ஹான்னாகூட.

ஜனவரி வந்தது. விருந்துத் துணிகளைத் தோய்த்து மினுக்கும் வேலை என்னுடையது. லாச்சியை இழுத்து அதில் இருந்த எல்லாவற்றையும் எடுத்தேன், லேஸ்யாவின் துணியையும் சேர்த்துத்தான். ஓரத்தில் கறுப்பு நூலில் சின்னச் சின்னக் குருவி. பானி ஸ்டெஃபா வந்து பார்த்தார். அந்த ஒன்றை மட்டும் அடுக்கில் இருந்து உருவி, லாச்சியின் அடியில் வைத்து மூடினார்.

“இந்த முறை என்ன கொண்டு வாறாய்?” என்று ஹான்னா ஒருநாள் கேட்டார்.

“பசு இல்லாத சாமான்.”

வறுத்த அரிசிமா, அவித்த பயறு, தேங்காய்ப்பூ, சர்க்கரை. பால் இல்லை, நெய் இல்லை. விளிம்பை அன்று நிதானமாகக் கயிறுபோல முறுக்கினேன். சேலையை முதல்நாளே எடுத்துக் கதிரையில் போட்டுவைத்தேன். நான் இருப்பேனா என்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய விஷயமாக எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு வருஷமாக அவர்களோடு இருந்து கிள்ளுகிறேனே.

மறுபடி வாசல்

“…நீயும் வந்து இருந்தியெண்டால் ஒற்றையாப் போயிடும்.”

“போன வருஷம் இரட்டையாத்தானே இருந்தனாங்கள், ஸ்டெஃபா? லேஸ்யா போகேல்லையோ?” உள்ளே இருந்து ஹான்னாவின் குரல்.

ஆறு மாதத்துக்குப் பிறகு அந்தப் பெயர். பானி ஸ்டெஃபாவின் கை, கழுத்தில் தொங்கிய திறப்பைப் பிடித்தது.

“அதுக்குத்தான் சொல்லுறன். எங்களில இன்னும் ஒராள் குறையிறதுக்கு நான் வழி செய்ய மாட்டன்.”

அவர் என்னைக் கோபிக்கவில்லை, பயந்து நின்றார். அது எனக்குத் தெரிந்தது. 

“பரவாயில்லை, பானி ஸ்டெஃபா” என்று கொழுக்கட்டையை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போய், கவிழ்த்து வைத்த பால் பெட்டியில் இருந்தேன். வெயில் முகத்தில் அடித்தது. குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் யாரோ எறிந்த நத்தார் மரம். அதில் இன்னும் ஒரு வெள்ளிச் சரிகை தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போகலாம்தான். போனால் குளிர்சாதனப் பெட்டி இரைந்துகொண்டிருக்கும்.

உள்ளே திரைச்சீலைகள் இழுபட்டன. விளக்கு அணைந்தது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

ஒரு ரயில் போனது. இன்னொன்றும் போனது. கரண்டிச் சத்தம் வரவில்லை. எழும்பிப் போய்த் திரைச்சீலையின் இடுக்கால் பார்த்தேன். இருட்டில் எல்லோரும் கையை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. குத்யா நடுவில் இருந்தது. மெழுகுவர்த்தி ஏற்றப்படாமல் நின்றது.

வெளியே போய்ப் பார்த்து வர ஆள் இல்லை. இன்னார் போங்கள் என்று சொல்ல, தலைவிக்கும் வாய் வரவில்லை. அப்படிச் சொன்னால் லேஸ்யா இல்லை என்று ஆகிவிடும்.

நான் முன்பக்கமாகச் சுற்றி வந்தேன். லேஸ்யா நிற்கும் இடத்தில் நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்து, அன்ரெனாவுக்கு மேலே பார்த்தேன். வெள்ளை வெயிலைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை பார்த்தேன். பார்க்காமல் சொல்லக் கூடாது என்று பட்டது.

கதவைத் தள்ளினேன். வெளிச்சம் என் சேலையோடு சேர்ந்து உள்ளே விழுந்தது. எல்லா முகமும் என் பக்கம் திரும்பின.

“யே” என்றேன். குரல் உடைந்துபோய்த்தான் வந்தது.

யாரோ ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். ஹான்னா தீக்குச்சியை உரசினார். முதல் குச்சி முறிந்தது, இரண்டாவது பற்றியது. நான் கதவை இழுத்துக்கொண்டு வெளியே போகத் திரும்பினேன்.

பானி ஸ்டெஃபா கதிரையைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழும்பினார். தட்டு அலுமாரியைத் திறந்தார். ஒன்றல்ல, இரண்டு தட்டுகளை எடுத்தார். மேசையின் ஓரத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். லாச்சியின் அடியில் கையை விட்டுக் குருவித் துணியை எடுத்து உதறி, ஒரு தட்டுக்கு முன்னால் விரித்தார். மற்றதுக்கு ஒரு கடதாசித் துடைப்பான். இரண்டு கதிரையையும் இழுத்து விட்டார். பிறகு சுட்டுவிரலை நீட்டி மேசையைச் சுற்றி ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டே வந்து, குருவித் துணிக்கு முன்னாலிருந்த வெறும் கதிரையையும் எண்ணினார், கடைசியாக என்னை எண்ணினார், குத்யாக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார்.